குருவில்லாத் தூரிகை

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். முத்துக்குளிப்புக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தவர். யாரிடமும் ஓவியம் படிக்காதவர். இலங்கையின் பறவைகளை வரைந்து நமக்குக் காட்டிய ஜி. எம். ஹென்றியின் கதையை யாழ்ப்பாணத் தீவகத்திலிருந்து வாசித்தால் என்ன தெரிகிறது?

பண்ணைப் பாலம் தாண்டி மண்டைதீவுச் சந்தி வந்ததும் பஸ்ஸின் இரு பக்கமும் பரவைக்கடல்தான். தை மாதத்து விடியல். முழங்காலளவுத் தண்ணீரில் சிறகுவலைத் தடிகள் வரிசையாக நிற்கின்றன. தடிக்கொரு நீர்க்காகம், செட்டையை விரித்துக் காயவைத்தபடி. அதற்கும் அப்பால், தண்ணீரும் வானமும் ஒட்டுகிற இடத்தில், ஈரத் தூரிகையை ஒரே இழுப்பாக இழுத்துவிட்ட மாதிரி வெளிர்சிவப்பில் ஒரு கோடு. கொஞ்ச நேரம் பார்த்தால் கோடு அசைவது தெரியும். பூநாரைகள்.

பஸ்ஸுக்குள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. குறிகட்டுவானில் படகைப் பிடிக்க முடியுமா என்பதுதான் எல்லோருடைய கவலையும். பின்னால் வந்த வான் ஒன்று ஓரம் கட்டுகிறது. நீண்ட லென்ஸ் பூட்டிய கமராக்களோடு நாலைந்து பேர் இறங்கிச் சேற்றுக்குள் நடக்கிறார்கள். அன்று இரவுக்குள் அந்தப் பூநாரைகள் முகநூலில் பறந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு மாரியும் இப்போது இது ஒரு திருவிழா. யார் படம் நல்லது, யார் கிட்டப் போய்ப் பறவைகளைக் கலைத்தது என்ற சண்டையும் கூடவே நடக்கும்.

கமரா கைக்கு வருவதற்கு முன்னர் இந்தப் பறவைகளின் முகத்தை நமக்குக் காட்டியவர்கள் யார் என்று தேடினால், பெரிய ஓவியப் பள்ளிகளின் பெயர் எதுவும் அகப்படாது. கம்பனியில் நிலம் அளந்தவர், நூதனசாலையில் பூச்சி எண்ணியவர் என்று எளிய உத்தியோகக்காரர்களின் பெயர்களே வரும். அவர்களில் மிக நீண்ட நிழல் ஹென்றியுடையது.

முத்துக் கம்பனிப் பையன்

ஜோர்ஜ் மொரிசன் ரீட் ஹென்றி 1891இல் நுவரெலியாவுக்குப் பக்கத்தில், கந்தப்பளையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தார். பதினொரு பிள்ளைகள் இருந்த வீடு. எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவர்கள் அக்காமார். தோட்டத்துத் துரை வீட்டுப் பிள்ளை என்றதும் லண்டன் படிப்பு, கப்பல் பயணம், பெரிய பதவி என்று நினைக்கத் தோன்றும். ஹென்றிக்கு அவற்றில் எதுவும் வாய்க்கவில்லை. 16 வயதில் சம்பளத்துக்கு வேலை தேட வேண்டியிருந்தது.

வேலை கிடைத்த இடம் நமக்கும் நெருக்கமானது: மன்னார்க் குடாவின் முத்துப் படுகைகளைக் குத்தகைக்கு எடுத்திருந்த இலங்கை முத்துக்குளிப்பாளர் கம்பனி. அதன் ஆய்வுகூடத்தில் 1907இல் உதவியாளராகச் சேர்ந்தார்.

அந்தக் கம்பனியின் கதை தனியாக ஒரு அட்டைப்படக் கட்டுரைக்குக் காணும். 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் மட்டும் 8 கோடி அளவில் சிப்பிகள் எடுக்கப்பட்டன; அரசுக்கு 25 இலட்சம் ரூபா வருமானம். மரிச்சுக்கட்டி மணல்வெளியில் ஓர் ஊரே முளைத்தது. தமிழ்ச் சுழியோடிகளும் அரபிச் சுழியோடிகளும் ஒரே பாரில் இறங்கினார்கள். அதைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் 1906இல் கம்பனி அமைத்து, ஆண்டுக்கு 3,10,000 ரூபா என்று 20 வருடக் குத்தகை எழுதினார்கள். 1907க்குப் பிறகு படுகைகளில் சிப்பி இல்லை. அடுத்த முத்துக்குளிப்பு 1925இல்தான் நடந்தது. அதற்குள் கம்பனி கரைந்துபோயிருந்தது.

ஆனால் அங்கே ஒரு விஷயம் நடந்துவிட்டது. முத்து ஏன் உண்டாகிறது என்று கண்டுபிடிக்க லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனும் ஜேம்ஸ் ஹோர்னலும் தொடங்கிவைத்த ஆராய்ச்சியின் சூடு ஆறாத காலம் அது. சிப்பியைப் பிளந்து, உள்ளே இருக்கும் ஒட்டுண்ணிப் புழுவைத் தேடி, கண்டதைக் கோடாக வரைந்து வைப்பது அந்தக் காலத்துக் கடல் ஆய்வுகூடங்களின் அன்றாடம். கை நன்றாக வரைகிறது என்பதை யாரோ கவனித்திருக்க வேண்டும். 1910இல் ஹென்றி கொழும்பு நூதனசாலைக்குப் படவரைஞராகப் போனார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே கை, அதே கண், அதே பதினாறு வயதோடு ஊர்காவற்றுறையில் ஒரு மீனவப் பையன் இருந்திருந்தால் அந்தக் கதிரை அவனுக்குக் கிடைத்திருக்குமா? தோலின் நிறம் திறந்த கதவுகளும் இந்தக் கதையில் உண்டு. படிப்பில்லாமல் மேலே வந்தவர் என்று ஹென்றியைக் கொண்டாடும்போது இதை மறந்துவிடக்கூடாது.

தத்துவெட்டியானில் பழகிய கை

1913இல் அவருக்குப் பதவி மாறியது. பூச்சிகளை வகைப்படுத்தும் பிரிவில் உதவியாளர். 1946இல் ஓய்வு பெறும்வரை, 33 ஆண்டுகள், அதே கதிரை. பறவை ஓவியர் என்று உலகம் அறிந்த மனிதர் சம்பளம் வாங்கியது பூச்சிக்காக.

அதுவும் பெயருக்குச் செய்த வேலையில்லை. தத்துவெட்டியான், கும்பிடுபூச்சி என்று நாம் வேலிக்கரையில் பார்த்துவிட்டுப் போகிறவற்றில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் என்னென்ன இனங்கள் உண்டு என்று ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். சில இனங்களை அறிவியலுக்கு முதன்முதலாக விவரித்தவரும் அவரே. நூதனசாலையின் ‘ஸ்பொலியா சீலனிக்கா’ இதழில் அவர் பெயர் திரும்பத் திரும்ப வரும்.

ஒரு தத்துவெட்டியானை வரைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பொல்லாத வேலை என்று. பின்னங்கால் தொடையில் மீன்முள் மாதிரிச் சாய்ந்த கோடுகள். முழங்காலுக்குக் கீழே இரண்டு வரிசை முட்கள். முட்களின் எண்ணிக்கை தப்பினால் இனமே மாறிவிடும். இறக்கை நரம்பு எங்கே இரண்டாகப் பிரிகிறது என்பதைத் தூரிகை நுனி தப்பவிடக்கூடாது. ‘அழகாக இருக்கிறது’ என்று சொல்லித் தப்ப இதில் வழியே இல்லை. ஓவியப் பள்ளியில் வெறும் மண்பானையையும் சிலையையும் வைத்துப் பழக்குவார்கள். ஹென்றிக்கு அந்தப் பானையும் சிலையும் பூச்சிகள்தான். பின்னாளில் அவர் வரைந்த பறவைகளின் செட்டையில் ஒவ்வொரு இறகும் அதனதன் இடத்தில் இருப்பதற்கு இந்த 33 வருடம் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

செத்த பறவை, உயிருள்ள பறவை

ஹென்றிக்கு முன்பும் இலங்கைப் பறவைகளுக்குப் படம் இருந்தது. மிக நேர்த்தியான படங்கள். பீரங்கிப் படை அதிகாரி வில்லியம் வின்சென்ட் லெக் 1878 முதல் 1880 வரை வெளியிட்ட இலங்கைப் பறவை வரலாற்றில் வண்ணப்படங்களை வரைந்தவர் கோய்லமன்ஸ் என்ற ஒல்லாந்தர். அந்தக் காலத்தின் மிகப் பெரிய பறவை ஓவியர்களில் ஒருவர். அவர் இலங்கைக்கு வந்ததேயில்லை. சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து லண்டனுக்குப் போன உடல்களை மேசையில் வைத்து வரைந்தார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பறவையின் இறகு நிறம் ஓரளவு நிலைக்கும். கண்மணி, அலகு, கால், கண்ணைச் சுற்றிய வெறுந்தோல் ஆகியவற்றின் நிறம் செத்துச் சில மணி நேரத்திலேயே மங்கத் தொடங்கும். மஞ்சள் கால் மரப்பட்டை நிறமாகும். சிவந்த கண்ணுக்குப் பதில் வெள்ளைப் பஞ்சு. சுட்டவர் சீட்டில் குறித்து அனுப்பினால் உண்டு, இல்லாவிட்டால் ஓவியர் ஊகிக்க வேண்டும். அதைவிடப் பெரிய இழப்பு பறவையின் இருப்பு. கொக்கு கழுத்தை எவ்வளவு உள்ளிழுத்து நிற்கும், மீன்கொத்தி பாய்வதற்கு முன் தலையை எப்படிச் சரிக்கும் என்பதைப் பஞ்சடைத்த உடல் சொல்லாது.

உள்ளூரில் வாழ்ந்து, காட்டிலும் களப்பிலும் பறவையைப் பார்த்து, பிறகு நூதனசாலைத் தட்டில் அதன் உடலையும் எடுத்து ஒப்பிடக்கூடிய ஓவியர் ஒருவர் வேண்டியிருந்தது. ஹென்றி அந்த இடத்தில் வந்து பொருந்தினார். சிவில் சேவை அதிகாரி டபிள்யூ. ஈ. வெயிட் 1925இல் இலங்கைப் பறவைகளுக்கு ஒரு கைநூல் எழுதியிருந்தார். அதற்குத் துணையாக ஹென்றியின் வண்ணப்படங்களை 1927 முதல் 1935 வரை நான்கு பாகங்களாக அரசு வெளியிட்டது. ஒரு காலனி அரசு காகத்துக்கும் கௌதாரிக்கும் காசு செலவழித்து வண்ணம் அச்சிட்டதை இன்று நினைத்தால் வியப்புத்தான்.

ஹென்றிக்கும் முன்னோடி ஒருவர் உண்டு. அவரைத் தாண்டிப் போக மனமில்லை. பீற்றர் கொர்னேலிஸ் டி பெவெர், 1722இல் கொழும்பில் பிறந்த கலப்பினத்தவர். ஒல்லாந்தக் கம்பனியில் நில அளவையும் படவரைவும் அவர் தொழில். 1752 முதல் 1757 வரை ஆளுநராக இருந்த லோட்டன் சொல்லி இலங்கைப் பறவைகளை வரைந்தார். அந்தப் படங்களை வைத்து ஐரோப்பாவில் புத்தகங்கள் வந்தன. நம் முற்றத்துச் செம்பரத்தையில் வந்து தொங்கும் நீண்ட அலகுத் தேன்சிட்டுக்கு லின்னேயஸ் லோட்டனின் பெயரை வைத்தார். வரையச் சொன்னவர் பெயர் பறவைக்குப் போனது. வரைந்தவர் பெயர் ஆராய்ச்சியாளர்களின் அடிக்குறிப்புக்குப் போனது. அந்தப் படங்களில் ஒரு பகுதி இன்று நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்து டைலர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒல்லாந்தர் வரைபடங்களில் ஹார்லெம் என்று இன்னொரு இடமும் உண்டு: நம்முடைய நயினாதீவு!

▪ பெட்டி: மொன்டானாவின் மாட்டுக்காரர்

ஓவியம் படிக்காமல் வரையப் புகுந்தவர்களில் உலகம் அதிகம் பேசும் பெயர் சார்லஸ் ரஸல். 1864இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பிறந்தவர். 16 வயதில் மொன்டானாவுக்குப் போனார்; பிறகு மாடு காக்கும் வேலையில் சேர்ந்தார். 1886–87 கொடும் பனிக்காலத்தில் மந்தைகள் சாகத் தொடங்கின. மாடுகள் எப்படி இருக்கின்றன என்று முதலாளி கடிதம் எழுதிக் கேட்க, எலும்பும் தோலுமாய் நிற்கும் ஒற்றை மாட்டையும் அதைச் சுற்றிக் காத்திருக்கும் ஓநாய்களையும் ஒரு சின்னத் துண்டில் நீர்வண்ணத்தில் வரைந்து அனுப்பினார். அந்தப் படம் கடைக் கண்ணாடிக்குள் ஏறியது. ரஸல் ஊரறிந்த ஓவியரானார். விலை பேசத் தெரியாத அவருக்காக மனைவி நான்சிதான் பேரம் பேசினார். குதிரையும் எருமையும் பூர்வகுடிகளுமாக ஏறத்தாழ 4,000 படைப்புகள். 1926இல் கிரேட் ஃபோல்ஸ் நகரில் இறந்தார்.

அண்ணன் நூதனசாலையில், தம்பி 43 குழுவில்

இலங்கையின் நவீன ஓவிய வரலாற்றை யார் எழுதினாலும் 1943இல் நிற்பார்கள். லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல என்று அந்த ஆண்டு கூடிய ‘43 குழு’. அதே ஆண்டில், அதே கொழும்பில், சில நிமிட நடைத் தூரத்தில் ஹென்றி உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். நூதனசாலையின் பணிப்பாளராக அப்போது இருந்தவர் பி. ஈ. பி. தெரணியகல. ஜஸ்டினின் அண்ணன்.

ஒரே குடும்பத்தில் தம்பி உருவத்தை உடைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் தலைமை வகித்த கட்டடத்தில் ஒருவர் உருவம் ஒரு மயிரிழையும் பிசகாமல் பார்த்துக்கொண்டார். இரண்டு அறைகளுக்கும் நடுவில் கதவு இல்லை. ஹென்றியின் படங்கள் விஞ்ஞானிகளின் அலுமாரிக்குள் போயின. கலை விமர்சகர்கள் அவற்றை ‘விளக்கப்படம்’ என்று தள்ளிவைத்தார்கள். இன்றும் அப்படியே.

யாழ்ப்பாணத்திலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கி, மேலைநாட்டு முறையில் வரையும் ஆசிரியர் தலைமுறை ஒன்றை உருவாக்கினார். அ. மாற்கு போன்றவர்கள் அதைப் புதுத் திசைகளுக்குக் கொண்டுபோனார்கள். மனிதமுகம், பனங்கூடல், கோயில், கடற்கரை, பின்னர் போர் என்று அவர்கள் கைக்கு விஷயம் குறையவில்லை. பறவையும் விலங்கும் மட்டும் பின்னணியிலேயே நின்றுவிட்டன. நம் ஓவியர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. வீடு எரிகிறபோது வேலியில் இருக்கும் கீச்சானை வரை என்று யார் யாரைக் கேட்பது?

▪ பெட்டி: கழுகு வளர்த்த மகன்

ஹென்றியின் மகன் டேவிட் ரீட் ஹென்றி 1919இல் கொழும்பில் பிறந்தார். அவரும் ஓவியப் பள்ளிக்குப் போகவில்லை. தகப்பனைப் பார்த்தே பழகினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூத்த பறவை ஓவியர் ஜோர்ஜ் லொட்ஜின் நட்புக் கிடைத்தது. ஆபிரிக்கப் பறவைக் கைநூல்களுக்கும் சைப்பிரஸ் தீவின் பறவை நூலுக்கும் 1968இல் வந்த உலகக் கழுகுகள், பருந்துகள் பற்றிய பெருநூலுக்கும் வரைந்தார். ‘டியாரா’ என்று பெயரிட்ட கிரீடக் கழுகு ஒன்றை இங்கிலாந்தில் கூடவே வைத்து வளர்த்தார். ஆபிரிக்கக் காட்டில் குரங்கு பிடிக்கிற பறவை அது. 1977இல் இறந்தார். தகப்பன் 1983வரை இருந்தார்.

கைக்கு அடங்கிய புத்தகம்

ஓய்வு பெற்றபின் ஹென்றி இங்கிலாந்துக்குப் போனார். போகும்போது அவர் மனதில் ஒரு வேலை பாக்கியிருந்தது. நான்கு பாக வண்ணப்பட நூலை நூலகத்தில்தான் பார்க்கலாம். களப்புக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. 1955இல் ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அச்சகம் அவருடைய இலங்கைப் பறவைகள் வழிகாட்டியை வெளியிட்டது. படமும் எழுத்தும் அவரே.

அந்தப் புத்தகத்தின் பெருமை படத்தோடு நிற்கவில்லை. எந்தப் பறவை எங்கே கூடு கட்டும், எப்படி அழும், எதற்குச் சண்டை போடும் என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்கிற தொனியில் எழுதியிருப்பார். பறவைகளுக்குச் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் தேடிப் போட்டார். மூலநூல் ஆங்கிலம், வாசித்தவர்கள் ஆங்கிலம் தெரிந்த வட்டம். ஆனாலும் நம் ஊர்ப் பறவைப் பெயர்கள் அச்சில் ஒரு நூலுக்குள் பத்திரமாக இருந்தன.

1971இல் இரண்டாம் பதிப்பு. 1998இல் மூன்றாம் பதிப்பைத் திருத்தியவர்கள் தீலோ ஹொஃப்மன், தீபால் வரகாகொட, உபாலி ஏக்கநாயக்க. ஹொஃப்மன் சிங்கராஜக் காட்டை மரம் வெட்டுவதிலிருந்து காக்கப் போராடியவர். வரகாகொட 2001இல் சிங்கராஜப் பக்கத்து மழைக்காட்டில், அதுவரை எந்த நூலிலும் இல்லாத ஓர் ஆந்தையைக் கண்ணால் கண்டார். 1868க்குப் பிறகு இலங்கையில் கண்டறியப்பட்ட முதல் புதுப் பறவையினம் அது. ஒரு வழிகாட்டி நூலின் விளைச்சலை இப்படித்தான் அளக்க முடியும்: அதைத் திருத்த உட்கார்ந்தவரே அதில் இல்லாத பறவையைக் காட்டில் கண்டுபிடித்தார்.

தமிழில்? அக்கரையில் ம. கிருஷ்ணன் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். தாவரவியலும் சட்டமும் படித்தவர். காட்டுயிரைப் பார்த்ததும் வரைந்ததும் சொந்த முயற்சி. 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் பத்தி எழுதினார், பெரும்பாலும் தானே வரைந்த கோட்டோவியத்தோடு. தமிழிலும் எழுதினார். அணிலையும் காகத்தையும் அவர் தமிழில் எழுதியதை வாசித்தால், இந்த மொழியில் இது முடியும் என்பதில் சந்தேகம் வராது. பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் அப்படியொரு கை எழாததற்குப் போரை மட்டும் காரணம் சொல்லிவிடவும் முடியாது. பறவை பார்ப்பது வேலையற்றவன் வேலை என்ற எண்ணம் நம் வீடுகளில் 1983க்கு முன்பும் இருந்ததே.

நெடுந்தீவில் ஒரு ‘மேற்கு’

ரஸலின் படங்களில் பாய்கிற குதிரைகள் அமெரிக்காவுக்குச் சொந்தமில்லை. ஸ்பானியர் கப்பலில் கொண்டுவந்து, தப்பிப்போய், புல்வெளியில் பெருகியவற்றின் வாரிசுகள். அந்தக் கதையின் சிறுபதிப்பு ஒன்று குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரப் படகுத் தூரத்தில் நடந்துகொண்டிருக்கிறது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் நெடுந்தீவில் குதிரை வளர்த்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அயர்லாந்து லெப்டினன்ட் அந்தக் குதிரைப் பண்ணையின் பொறுப்பில் தீவையே ஆண்ட மாதிரி இருந்தார். அவரைப் பற்றிய கதைகள் தீவில் இன்னும் ஓயவில்லை. பண்ணை மூடியது, குதிரைகள் தீவிலேயே தங்கிவிட்டன. லாயத்தின் பவளக்கல் தூண்கள் மட்டும் வெயிலில் நிற்கின்றன.

ஓவியக் கண்ணோடு பார்த்தால் நெடுந்தீவு மாதிரி ஒரு களம் இலங்கையில் வேறில்லை. தட்டையான புல்வெளி; மறைக்க மலையோ காடோ கிடையாது. பவளக்கல் அடுக்கிய மதில்கள் கறுப்பும் சாம்பலுமாய் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. குதிரைகள் உயரம் குறைந்தவை. வயிறு பெருத்து, பிடரி மயிர் சிக்குப் பிடித்து, உப்புக்காற்றில் வெளுத்துப்போன பழுப்பு நிறம். மாரியில் புல் வளர்ந்ததும் தோல் மினுங்கும். ஆடி, ஆவணியில் கேணிகள் வற்றும்போது அதே குதிரையின் விலா எலும்பை எண்ணலாம். வறட்சியில் குட்டிகள் சாவது தீவார் கண்டு பழகிய காட்சி.

சுற்றுலாக்காரர் படத்தில் மாரிக்குதிரைதான் வரும். ரஸல் அனுப்பிய துண்டுப் படம் முதலாளிக்குச் சொன்னதை நெடுந்தீவின் ஆடி மாதக் குதிரை யாருக்கும் சொல்லவில்லை. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவானது. அதற்குப் பிறகும் புல் யாருக்கு, தண்ணீர் யாருக்கு, மாட்டுக்கா குதிரைக்கா என்ற கேள்வி இருக்கிறது. மாடு வைத்திருப்பவருக்கும் பிள்ளை குட்டி உண்டு. குதிரையை ஒரு காதல் சின்னமாக மட்டும் பார்க்கிறவர்கள் இதைச் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள்.

வேலி, காற்றாடி, சாட்சி

இப்படிப் பார்த்துக் குறித்துவைக்காமல் விட்டதன் விளைவுக்கு வருவோம். தீவகத்தின் ஆழமில்லாத கடலில் கடந்த சில வருடங்களாகக் கடலட்டைப் பண்ணைகளின் அடைப்புகள் பெருகிவிட்டன. வருமானம் என்கிறார்கள் ஒரு சாரார். வலை போட இடமில்லை என்கிறார்கள் இன்னொரு சாரார். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய, காற்று மின்சாரத் திட்டம் வருகிறது. 2021இல் சீனக் கம்பனிக்குக் கொடுத்து, இந்தியா முகம் சுளித்து, கடைசியில் 1.1 கோடி டொலர் இந்திய நன்கொடையில் 2024 பங்குனியில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. டீசல் இயந்திரத்தை நம்பி இருக்கும் தீவாருக்கு மின்சாரம் வேண்டும். அதில் இரண்டு பேச்சில்லை. மன்னாரில் அதானி குழுமத்தின் பெரிய காற்றாலைத் திட்டம் நீதிமன்றம்வரை போனதும், 2025 மாசியில் அந்தக் குழுமம் விலகிக்கொண்டதும் வேறு கதை. அங்கே எதிர்த்தவர்களின் வாதங்களில் வலசைப் பறவைகளின் பாதையும் ஒன்று.

மன்னாரில் அந்த வாதத்தை வைக்க முடிந்ததற்குக் காரணம், இத்தனை பறவை, இந்த மாதம், இந்த வழி என்று பல வருடம் பார்த்து எழுதிவைத்தவர்கள் இருந்தது. அவர்களில் பலர் முதலில் பறவையின் பெயரைப் படித்தது ஹென்றியின் புத்தகத்தில். தீவகத்தில் நம் கையில் என்ன இருக்கிறது? 30 வருடப் போரில் இந்தக் கடற்கரைகளுக்குப் பறவை பார்க்கிறவர்கள் வர முடியவில்லை. 1990இல் தீவார் பெருந்தொகையாக ஊரைவிட்டே போனார்கள். போருக்குப் பிறகு வந்த லென்ஸ்கள் பூநாரையையே சுற்றுகின்றன. புங்குடுதீவுப் பாலத்தடியில் சேற்றைக் கிண்டும் உள்ளான்களைப் படமெடுக்க வான் நிற்பதில்லை. அடைப்பு எந்த இடத்தில் வந்தால் யாருக்கு இரை போகும் என்று அதிகாரி கேட்டால், தேதியும் இடமும் போட்ட குறிப்பை எடுத்து நீட்ட ஆள் தேட வேண்டும்.

கமரா இருக்கும்போது தூரிகை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கமரா ஒரு கணத்தை எடுக்கும். வரைகிறவர் அரைமணி நேரம் பார்த்தாக வேண்டும். அந்த அரைமணியில் பறவை இரை எடுத்ததையும் விரட்டப்பட்டதையும் எந்த நீர்மட்டத்தில் நின்றது என்பதையும் கண்டுவிடுவார். பூநாரையின் காலில் பின்பக்கமாக மடங்குகிற மூட்டை முழங்கால் என்று நினைத்து வரையத் தொடங்கி, அது கணுக்கால் என்று கண்டுபிடிக்கிற பிள்ளை அதை மறக்காது. அது தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, வளைந்த அலகால் தண்ணீரை வடித்துத் தின்பதை வரைந்தவருக்கு, இந்தப் பறவைக்கு ஆழம் குறைந்த தண்ணீர் எதற்கு வேண்டும் என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

▪ பெட்டி: வடக்கின் வீட்டுப் பறவைகள்

இலங்கையின் மற்றப் பகுதிகளில் அரிதாகவோ காணவே கிடைக்காமலோ இருந்து, யாழ்ப்பாணம், மன்னார் போன்ற வறண்ட கரையோரங்களில் சாதாரணமாகக் காணக்கூடியவை சில:

கௌதாரி: விடியலில் பற்றைக்குள்ளிருந்து கூவும், வடக்கு, வடமேற்குக் கரைகளோடு நின்றுவிடும்.
கள்ளிப்புறா: கழுத்தின் பின்புறம் கறுப்பு அரைவளையம்.
கரிக்குருவி: பிளந்த நீள்வால், மின்கம்பியில் குடியிருப்பு.
செம்முதுகுக் கீச்சான்: கண்ணுக்குக் கறுப்புப் பட்டி கட்டிய வேலிக்காவலன்.
நண்டுதின்னி: கறுப்பு வெள்ளை உடல், தடித்த அலகு, கடலோர மணல்திட்டுகளில் காணலாம்.

வரையப் போகிறவர்கள் பூநாரையில் தொடங்க வேண்டாம். அது தூரத்தில் நிற்கும். தொடங்குபவர்கள் பெரும்பாலும் காலோடு நிறுத்திவிடுகிறார்கள். வேலணையிலோ சரவணையிலோ ஏதாவது ஒரு ஒழுங்கையில் கரிக்குருவி கம்பியில் வந்து இருக்கும். பறந்து ஒரு பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பி வரும். பத்துத் தரம் பறந்தால் பத்துத் தரமும் வரும். உடம்பு முழுக்கக் கறுப்பு. வண்ணப்பெட்டி வாங்கக் காசு தேவையில்லை. பென்சிலும் கொப்பியும் காணும், தேதி போட மறக்காவிட்டால்.